மூக்கு மலையேறிய கதை

1858 ஆகஸ்ட் 2ஆம் தேதி விக்டோரியா மகாராணியின் ஒப்புதல் பெற்ற சட்டங்களில் இரண்டு இந்தக் கதைக்கு வேண்டும். ஒன்று, கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து இந்தியாவைப் பிடுங்கி மகாராணியின் கையில் கொடுத்த சட்டம். பள்ளிப் பாடத்தில் வரும், ஐந்து மதிப்பெண் கேள்வி. இன்னொன்று, லண்டனுக்குச் சாக்கடை கட்ட 30 லட்சம் பவுண்டு கடன் வாங்கிக்கொள்ளலாம் என்ற சட்டம். இது பாடத்தில் வராது. ஒரே நாளில் ஒரு துணைக்கண்டத்தையும் ஒரு சாக்கடையையும் பொறுப்பேற்றுக்கொண்டவர்கள், அடுத்த அறுபது வருடத்தில் இரண்டில் எதை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டார்கள் என்று சென்னைக்காரரைக் கேட்டால் உடனே பதில் சொல்வார். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சொல்வார்.

அந்த வருடக் கோடையில் லண்டன் நாறிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றினால் எல்லாம் போய்விடுகிற புதுமாதிரிக் கக்கூஸ் வீடுவீடாக வந்துகொண்டிருந்த காலம். எல்லாம் போகிறதே, எங்கே போகிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. போனது தேம்ஸ் நதிக்கு. குடிக்கத் தண்ணீர் எடுத்ததும் பல இடங்களில் அதே நதியில்தான். 1832, 1849, 1854 என்று காலரா திரும்பத் திரும்ப வந்து ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போனது. ஒவ்வொரு முறையும் கமிட்டி போட்டார்கள். ஜோசப் பசால்கெட் என்ற எஞ்சினியர் பாதாளச் சாக்கடைக்குத் திட்டம் எழுதித் தருவார், மேலிடம் திருப்பி அனுப்பும். திருத்தித் தருவார், மறுபடி திரும்பும். செத்தவர்களில் பெரும்பாலோர் கீழ்த்தெருக்காரர்கள். அவர்களுடைய சாவுக்கு வாடை இருந்திருக்கலாம், ஆனால் அது நாடாளுமன்றம் வரை வீசவில்லை.

1858 ஜூனில் வீசியது. வெயில் கொளுத்த, நதியிலிருந்து கிளம்பியது நேராகக் கரையோரத்து நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. ஜன்னல் திரைச்சீலைகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் முக்கித் தொங்கவிட்டார்கள். ஆம், நம் ஊராட்சிக்காரர்கள் அமைச்சர் வருகிற அன்று ரோட்டோரம் கோடு போடுகிற அதே பவுடர். கேட்கவில்லை. டன் கணக்கில் சுண்ணாம்பை ஆற்றில் கொட்டினார்கள். கேட்கவில்லை. நிதியமைச்சர் டிஸ்ரேலி ஒரு கையில் காகிதக் கட்டும் மறு கையில் மூக்கோடு அழுத்திய கைக்குட்டையுமாகக் கமிட்டி அறையை விட்டு ஓடியதைப் பத்திரிகை எழுதியது. ஜூலை 15 அன்று அதே டிஸ்ரேலி மசோதாவைக் கொண்டுவந்தார். 18 நாளில் சட்டம். ஆயிரக்கணக்கான பிணங்கள் நகர்த்தாத கோப்பை ஒரு கைக்குட்டை நகர்த்தியது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. நாற்றமே நோய் என்றுதான் அன்றைய பெரிய மனிதர்கள் நம்பினார்கள். நோய் தண்ணீரில் வருகிறது என்று சொன்ன டாக்டர் ஜான் ஸ்நோவை யாரும் சட்டை செய்யவில்லை. பாவம், அந்த ஜூன் மாதத்திலேயே அவர் செத்தும் போனார். ஆக, தப்பான காரணத்துக்காகச் சரியான சாக்கடையைக் கட்டினார்கள். வரலாற்றில் பல நல்ல காரியங்கள் இப்படி நடந்தவைதாம். அதற்காக யாரும் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை.

இனி நம் ஊர்.

சென்னையில் அப்போது கவர்னர் மாளிகை சேப்பாக்கத்தை ஒட்டிய அரசினர் தோட்டத்தில். கூவம் கூப்பிடு தூரம். நகரத்தின் திறந்த சாக்கடைகள் எல்லாம் கடைசியில் கூவத்தைத்தான் நம்பியிருந்தன. லண்டன் கணக்கை அப்படியே போட்டால், கவர்னரின் மூக்குக்கும் ஆற்றுக்கும் இடையே டிஸ்ரேலியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் தூரம். 18 நாளில் இல்லாவிட்டாலும் 18 மாதத்திலாவது சென்னைக்குப் பாதாளச் சாக்கடை வந்திருக்க வேண்டும். ஆனால் லண்டனில் இல்லாத ஒரு வசதி சென்னை அரசாங்கத்துக்கு இருந்தது. ஊட்டி.

1870 வாக்கில் ஊட்டி அதிகாரபூர்வமான கோடைத் தலைநகரமாகிவிட்டது. ஏப்ரலில் ஆறு வற்றி, வாடை பழுத்து, ஏதாவது செய்தாக வேண்டும் என்ற கட்டம் வரும்போது கவர்னர், செயலாளர்கள், குமாஸ்தாக்கள், கோப்புப் பெட்டிகள், சமையல்காரர்கள், நாய்கள் சகிதம் அரசாங்கம் மலையேறிவிடும். மழை வந்து ஆறு கழுவப்பட்டு, வாடை குறைந்த பிறகு இறங்கி வரும். வந்து பார்த்தால், கூவம் அவ்வளவு மோசமாக இல்லையே என்று தோன்றியிருக்கும். நியாயம்தான். அக்டோபரில் மட்டும் பார்த்தால் எந்த ஆறும் நல்ல ஆறுதான். பத்திரிகைகள் இந்த மலையேற்றத்தைத் திட்டித் தீர்த்தன. ஊட்டியில் காற்று சுத்தம், திட்டு காதில் விழவில்லை.

கல்கத்தாக்காரர்களும்தானே சிம்லாவுக்கும் டார்ஜிலிங்குக்கும் ஓடினார்கள், அங்கே மட்டும் 1870களிலேயே பாதாளச் சாக்கடை எப்படி வந்தது என்று கேட்கிற வாசகர் இருப்பார். என் கோட்பாட்டுக்கு அது இடைஞ்சல். அதனால் அவருக்குப் பதில் சொல்லாமல் மேலே போகிறேன்.

சென்னைச் சாக்கடையைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டவர், இந்திய மண்ணில் காலே வைக்காத ஓர் அம்மாள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரில் விளக்கோடு நடந்ததைத்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். விளக்கை வைத்துவிட்டு அவர் பேனாவை எடுத்த பிறகு செய்த வேலை அதைவிடப் பெரிது. லண்டனில் படுக்கையில் இருந்தபடியே இந்திய நகரங்களின் குடிநீர், சாக்கடை, சாவுக் கணக்கு எல்லாவற்றையும் அலசினார். 1866இல் சென்னைக்கு கவர்னராக வந்த நேப்பியர் பிரபு, கான்ஸ்டாண்டிநோபிள் நாள்களிலிருந்தே அவருக்குப் பழக்கம். விடுவாரா? கடிதம் மேல் கடிதம். அதே 1860களில் கேப்டன் ஹெக்டர் டுல்லக் என்ற ராணுவ எஞ்சினியர் சென்னை நகராட்சிக்கு முழு வடிகால் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். கழிவைக் கொண்டுபோய்ப் பயிருக்குப் பாய்ச்சலாம் என்பதுவரை யோசித்திருந்தார். திட்டம் அலமாரிக்குப் போனது. டுல்லக் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே உள்ளாட்சிகளின் சாக்கடைத் திட்டங்களைப் பரிசோதிக்கிற பெரிய அதிகாரியானார். சென்னைக்கு எழுதியது வீண்போகவில்லை, பலன் வேறு ஊர்களுக்குக் கிடைத்தது.

நேப்பியருக்கு அடுத்து ஹோபார்ட் பிரபு, அவருக்குப் பின் 1875இல் பக்கிங்ஹாம் கோமகன். இவருடைய அப்பா, லண்டன் சமூகமே வாய்பிளக்கிற அளவுக்கு மஞ்சக்கடுதாசி கொடுத்தவர். ஸ்டோ என்ற தம் மாளிகையின் சாமான்களை 1848இல் ஏலம் விட்டார், ஏலம் வாரக்கணக்கில் நடந்தது. மகன் பரவாயில்லை, ரயில்வே கம்பெனி நடத்திய கெட்டிக்காரர். ஆனால் இவர் வந்த வேளை, தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 78 வரை ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். நாளெல்லாம் மண் வெட்டுகிறவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதும் என்று பஞ்ச நிவாரண அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்ட காலம். அந்தக் கூலிக்கு வந்த எலும்புக் கூடுகளை வைத்துத்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற 8 கிலோமீட்டர் கால்வாய் வெட்டப்பட்டது. ஏற்கெனவே வெட்டியிருந்த பகுதிகளையும் சேர்த்துக் கால்வாய் முழுவதற்கும் கோமகன் பெயர் வைத்தார்கள். வெட்டியவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

அதே கோமகன் அதே காலத்தில் ஊட்டியில் ஒரு மாளிகையும் எழுப்பினார். பின்னாளில் ராஜ்பவன் ஆனது அதுதான். சொந்த ஊர் ஸ்டோ மாளிகையின் சாயலில் இருக்க வேண்டும் என்று ஆசை. கீழே கால்வாய், மேலே மாளிகை. ஒன்று நாற்றம் போக, மற்றது நாற்றத்திடமிருந்து போக.

கால்வாயின் வடபாதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தடாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கல்கத்தா நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டைத் தாண்டியதும் வருகிற முதல் ஊர் தடா. நேற்றுவரை நெல்லூர் மாவட்டம், 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிற பேச்சு. ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி, அதன் வழியாகத்தான் பக்கிங்ஹாம் கால்வாய் வடக்கே போகிறது. இந்தக் கால்வாயை முதலில் ஆரம்பித்தவர் பேசில் காக்ரேன் என்ற கம்பெனி காண்டிராக்டர். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டி முடித்து, சுங்கம் வசூலித்து, சம்பாதித்துக்கொண்டு லண்டனுக்குத் திரும்பினார். திரும்பி என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? நீராவிக் குளியல் நிலையம் வைத்தார். அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். பின்னாளில் நம் ஊரின் மிக நீளமான சாக்கடையாகப் போகிற ஒன்றை வெட்டியவருக்குக் குளியலில் அவ்வளவு ஆர்வம்!

ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகும் பழவேற்காட்டுக் கிளிஞ்சலும் படகேறித் தெற்கே போயின. சென்னையின் அடுப்பு எரிந்தது அந்த விறகில், சுவர் பளபளத்தது அந்தச் சுண்ணாம்பில். பட்டணத்திலிருந்து பதிலுக்கு வந்தது என்ன என்பது படகுக்காரர்களின் மூக்குக்குத் தெரியும். முதல் தடவை வருகிற பையன் ஒருவன் பேசின் பிரிட்ஜ் நெருங்கும்போது, "மாமா, என்னா மாமா இப்படி நாறுது?" என்று கேட்டிருப்பான். "பட்டணம் வந்துட்ச்சிடா, கயித்த எடு" என்று மாமா சொல்லியிருப்பார். கலங்கரை விளக்கம் ராத்திரிக்குத்தான் பயன்படும், இது பகலிலும் வேலை செய்தது.

இந்த லட்சணத்தில் 1876க்குப் பிறகு துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டினார்கள். தெற்கேயிருந்து வருகிற மணல் அங்கே தட்டி நின்றது. அதன் புண்ணியத்தில் நமக்கு மெரினா கடற்கரை அகலமானது. அதன் பாவத்தில் கூவத்தின் வாய் அடைத்துக்கொண்டது. போகவும் வழியில்லாமல், வந்த இடத்துக்குத் திரும்பவும் முடியாமல் ஆறு நேப்பியர் பாலத்தடியில் நின்று யோசிக்க ஆரம்பித்தது. இன்னமும் யோசிக்கிறது.

கடைசியில் சாக்கடை வந்தது. 1907இல் தொடங்கி, ஜேம்ஸ் வெல்பி மேட்லி என்ற எஞ்சினியரின் கையில் 1914 வாக்கில் நகரத்துக்கு ஒழுங்கான குடிநீர் நிலையமும் பாதாளச் சாக்கடையும் உருவாயின. அதுவரை செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த வாய்க்காலில் வந்து, வடிகட்டாமலே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மேட்லி கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டி அமைத்தார். தெருவுக்கடியில் குழாய் பதித்தார், கழிவு தானாகச் சரிந்து பம்பிங் ஸ்டேஷனுக்குப் போகும்படி வாட்டம் பார்த்தார். நல்ல வேலைக்காரர். நன்றிக்கடனாக தியாகராய நகரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்தோம். அதே பெயரில் ஒரு சப்வேயும் உண்டு. பெருமழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். ஒரு வடிகால் எஞ்சினியருக்கு இதைவிட நுட்பமான நினைவுச்சின்னம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

அவர் செய்த ஒரே பிழை, நம் ஜனங்களை நம்பியது. 1961இல் சென்னையில் 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டுக் குழாயின் அளவு தீர்மானிக்கப்பட்டது. நாம் 1931லேயே ஆறரை லட்சத்தைத் தொட்டுவிட்டோம். 1961 கணக்கெடுப்பு 17 லட்சத்தைத் தாண்டியது. குழாய் என்ன செய்யும்? அதற்கும் மேட்லி காலத்து வழி ஒன்று இருந்தது. பம்பு நின்றால், மின்சாரம் போனால், வரத்து மிஞ்சினால், பம்பிங் ஸ்டேஷனிலிருந்து பக்கத்து ஆற்றுக்குத் திறந்துவிடலாம். அவசரத்துக்கு மட்டும். அந்த அவசரம் வந்தது, உட்கார்ந்தது, குடும்பம் குட்டியோடு நிரந்தரமாகக் குடியேறியது.

அதே 1914 செப்டம்பர் 22 ராத்திரி. ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகள் பற்றி எரிந்தன. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்தார்கள். கவர்னர் பென்ட்லண்ட் பிரபு எங்கே? ஊட்டியில். செப்டம்பர் ஆயிற்றே! சில நாள் கழித்து இறங்கி வந்து பார்த்தார்.

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பீதியில் இது இன்னும் விரிவாக நடந்தது. அரசாங்கத்தைத் துண்டு துண்டாக்கி ஊட்டிக்கும் கோயம்புத்தூருக்கும் சித்தூருக்கும் மதனப்பள்ளிக்கும் அனுப்பினார்கள். சித்தூர் மாம்பழ சீசனில் அரசாங்கக் கோப்பு பார்த்த பாக்கியம் சில குமாஸ்தாக்களுக்குக் கிடைத்தது. மூர் மார்க்கெட் பக்கத்து மிருகக்காட்சிசாலையில் சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றார்கள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடுமாம். ஜப்பான்காரன் வரவில்லை. அந்த வாரங்களிலும் சாக்கடை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை இறைக்கிற ஆட்களைச் சித்தூருக்கு அனுப்ப முடியாது.

இதற்கு நடுவில் ஒரு பெரிய விஷயம் நம் காலடியில் வந்து விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. 1914 ஏப்ரலில் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் ஓர் அறிக்கை படித்தார்கள். சாக்கடைத் தண்ணீருக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் அதிலிருக்கிற நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கைத் தின்றுவிடும். வேலை முடிந்ததும் கசடாக அடியில் படியும். அந்தக் கசடை எறிந்துவிடாமல், அடுத்துவரும் கழிவில் கொஞ்சம் கலந்தால் வேலை மணிக்கணக்கில் முடிகிறது. உறைமோர் ஊற்றுகிற சமாச்சாரம்தான். இன்று உலகத்துச் சுத்திகரிப்பு நிலையங்களில் பெரும்பாலானவை ஓடுவது இந்த முறையில். இருவருக்கும் இந்த யோசனையைத் தூண்டிவிட்ட குரு கில்பர்ட் ஃபவுலர். அவர் 1916இல் எங்கே வேலைக்கு வந்தார் தெரியுமா? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு. சென்னையிலிருந்து ஓர் இரவு ரயில் தூரம். டிக்கெட் எடுத்தவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. நெசப்பாக்கத்தில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது 1974இல், கோயம்பேட்டில் 1978இல்.

அதுவரை வேறு வழிகளை முயன்றோம். 1967இல் அண்ணா முதலமைச்சரான பிறகு கூவத்தைச் சீர்செய்யத் திட்டம் போடப்பட்டது. கரை கட்டி, தூர் வாரி, படகு விடுவது. படகுத்துறைகளுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயர் வைத்தார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி, மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான். கூவத்துக்கு யார் எதைக் கொடுப்பது? பேகன் இருந்திருந்தால் அந்தப் போர்வையைப் படகுச் சவாரி போனவர்களுக்குக் கொடுத்திருப்பான், முகத்தைச் சுற்றிக்கொள்ள. அதியமான் நெல்லிக்கனியைத் தானே தின்றிருப்பான், ஆயுள் வேண்டுமே. சவாரி கொஞ்ச நாள் நடந்தது. சாக்கடை வருவதை நிறுத்தாமல் ஆற்றை அழகுபடுத்தினால் அந்த அளவுக்குத்தான் நடக்கும். பிறகு 1991இல் செவர்ன் டிரெண்ட், 1994இல் மாட் மெக்டொனால்ட் என்று இங்கிலாந்துக் கம்பெனிகள் வந்து ஆராய்ந்து, கூவத்தில் சாக்கடை கலக்கிறது என்பதை உள்ளடக்கிய அறிக்கைகள் தந்தன. பேசின் பிரிட்ஜ் மாமா இதை இலவசமாகச் சொல்லியிருப்பார்.

சுத்திகரிப்பு நிலையங்கள் வந்ததும் அவசரத்தின் தன்மையே மாறியது. சாக்கடைக்கு வாடை மட்டும்தான் உண்டு, சுத்திகரிப்பு நிலையத்துக்கு உயிரும் உண்டு. கரண்ட் போய் ப்ளோயர் நின்றால் சில மணி நேரத்தில் தொட்டியிலிருக்கிற நுண்ணுயிர்களுக்கு மூச்சு முட்டும். பழுப்பாக இருந்தது கறுக்கும், முட்டை அழுகிய வாடை எழும். எண்ணெயோ தோல் சாயமோ திருட்டு லாரியில் வந்து மேன்ஹோலில் விழுந்தால் கூட்டத்தோடு சாகும். வெள்ளம் வந்தால் சாவதற்குக்கூட நேரமில்லை, மொத்தமாக அடித்துக்கொண்டு போய்விடும். பிறகு மீட்பது பொறுமையான வேலை. முதலில் வரத்தைக் குறைக்க வேண்டும். முழுகிய மோட்டார்களைக் கழற்றி, காயிலை உலர்த்தி, சோதித்துத் திரும்ப மாட்ட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு சுவிட்சைப் போட்ட எலெக்ட்ரீஷியனுக்கு வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தம் மறக்காது. அப்புறம் நன்றாக ஓடுகிற வேறொரு நிலையத்திலிருந்து டேங்கர் லாரியில் ஸ்லட்ஜ் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவை விட்டுப் பழக்க வேண்டும். தினமும் மைக்ராஸ்கோப்பில் ஒரு துளியைப் பார்த்து, தண்டு வைத்த சின்னப் பிராணிகள் தலையாட்டுகின்றனவா என்று தேட வேண்டும். அவை வந்துவிட்டால் நிலையம் பிழைத்தது. இதற்கு நாள் கணக்கிலும் ஆகும், வாரக் கணக்கிலும் ஆகும். மேலிடத்திலிருந்து போன் போட்டு எத்தனை பேர் கத்தினாலும் பாக்டீரியா சீக்கிரம் குட்டி போடாது. அரசாங்கத்துக்குக் கீழே வேலை பார்த்தும் அரசாங்கத்துக்குப் பயப்படாத ஒரே ஊழியர் அதுதான்.

இடத்தேர்வில் ஊட்டியின் பாடத்தை நாம் மறக்கவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போவது செலவு. நாற்றத்தைத் தூக்கிக்கொண்டு போய் வேறு மூக்குகளுக்குப் பக்கத்தில் வைப்பது சிக்கனம். கொடுங்கையூரில் குப்பைமேடும் இருக்கிறது, சுத்திகரிப்பு நிலையமும் இருக்கிறது. பெருங்குடியிலும் அப்படியே. டிஸ்ரேலிகள் யாரும் அங்கே குடியிருக்கவில்லை.

இந்த இடத்தில் கிண்டலை நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். சித்தூருக்குத் தெற்கே, எல்லையைத் தாண்டினால் வரும் ராணிப்பேட்டை. பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு சொன்ன பகுதி. அங்கே சிட்கோ தொழிற்பேட்டையில் ஆலைகளின் கழிவைச் சேர்த்துச் சுத்திகரிக்கிற பொது நிலையம் இருந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலை, அனுமதியில்லாமல் கட்டியிருந்த கசடுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் இருட்டில் கசடு பாய்ந்தது. 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள். அவசரகாலத் திட்டம் என்று கோப்பில் எழுதுகிற எல்லாமே, மனிதர் விழித்திருக்கிறார், ஓட இடமிருக்கிறது, எச்சரிக்கை மணி அடிக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதப்படுபவை. கசடுத் தொட்டிக்குப் பக்கத்தில் தூங்கத்தான் அவர்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள்.

அதே வருடம் டிசம்பரில் பெருவெள்ளம். அன்றைக்கு ஒரு நாள், வரலாற்றிலேயே முதல்முறையாக, சென்னையின் எல்லா மூக்குகளும் சமமாயின. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டைக் குடிசையிலும் ஒரே தண்ணீர், ஒரே வாடை. 18 நாளில் சட்டம் வரும் என்று எதிர்பார்த்த வரலாற்று மாணவர்கள் ஏமாந்தார்கள். மின்சாரம் வந்தது, வீட்டைக் கழுவினோம், பிளீச்சிங் பவுடர் தூவினோம்.

2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது கரையில் நின்ற படையினர், மாணவர்கள், தொண்டர்கள் கையில் இருந்த தொழில்நுட்பம் பிளாஸ்டிக் வாளி. உலகமே படம் பார்த்தது. நல்ல பாடம் என்றார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலியிலிருந்து எண்ணெய் கிளம்பியது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வெள்ளநீரோடு வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. வந்த வழி? நம் பழைய கோமகன் கால்வாயேதான். அங்கிருந்து கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம். மீனவர்கள் படகில் போய்க் கையால் எண்ணெயை மொண்டார்கள். ஏறக்குறைய ஏழு வருடத்தில் முன்னேற்றம் இல்லை என்று சொல்ல முடியாது. வாளியோடு மக்கும் சேர்ந்திருந்தது.

கோமகன் கால்வாய்க்கு டெல்லியில் இன்னும் மதிப்பு உண்டு. 2008இல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான கால்வாய்த் தொடரைத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். ஆக, பழவேற்காடு ஏரியைக் கடந்து தெற்கே போகிற ஒவ்வொரு தடாப் படகும் சட்டப்படி தேசியப் பாதையில் போகிறது. எண்ணூரில் எண்ணெய்ப் படலத்தையும் பேசின் பிரிட்ஜில் ஆகாயத்தாமரையையும் சமாளித்து யாராவது சேப்பாக்கம் வரை வந்துவிட்டால், பறக்கும் ரயிலுக்காகக் கால்வாய்க்குள்ளேயே நட்ட தூண்களில் ஒன்றில் முட்டலாம். முட்டினால் தூண் ரயில்வேயுடையது, கால்வாய் மாநில அரசுடையது, பாதை மத்திய அரசுடையது. படகுக்குப் போட்டிபோட்டு அபராதம் போடுவார்கள். படகுக்கு அடியில் கிடக்கிற அந்தத் தண்ணீர் யாருடையது என்று கேட்டால் மட்டும் மூவரும் குடிநீர் வாரியத்தைக் காட்டுவார்கள், வாரியம் மழையைக் காட்டும்.